வற்றக் காய்ச்சிய தண்ணீர்

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள கெட்டதெல்லாம் போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அக்கா நினைத்தார். என் மனைவி நினைத்தாள். நானும் நினைத்தேன். அது பிழை என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஊரே அப்படித்தான் செய்கிறது.

எனக்குத் தோட்டம்தான் தொழில். இணுவிலுக்குக் கிழக்கே செம்மண் காணி. பெரும்பாலும் வெங்காயம், இடையில் மரவள்ளி. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. குசினி வாசலில் நின்றால் கிணறு தெரியும், அதற்கு அங்கால் வெங்காயம் நட்ட தறை. தண்ணீர் தெளிவாக இருக்கும். வெயில் நேராக விழும்போது அடியில் கிடக்கும் கல் தெரியும்.

அக்கா எனக்கு நன்றாக மூத்தவர். கலியாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். ஊரில் பிள்ளைப்பேறு நடந்த வீடுகளுக்கு அவரைக் கூப்பிடுவார்கள். தாய்க்குச் சரக்குக்கறி வைப்பார், பத்தியம் பார்ப்பார், குழந்தைக்கு எண்ணெய் பூசிக் குளிக்க வார்ப்பார். முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும் வரை அந்த வீட்டோடு நிற்பார். எத்தனை வீடு என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

என் மனைவியின் ஊர் நெல்லியடி. அவளுக்குத் தாய் இல்லை. தமையன் குடும்பம் மட்டும் அங்கே இருக்கிறது. அதனால் அவள் பிள்ளைப்பேற்றுக்கு அங்கே போகவில்லை. எங்கள் வீட்டில்தான் நின்றாள். அக்கா பார்த்துக்கொள்வார் என்பது எங்களுக்குப் பெரிய துணை.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறை. ஒரு குறையும் இல்லை.

இரண்டு கிழமை போக மனைவிக்கு மார்பில் பால் கட்டிச் சீழ் வைத்தது. காய்ச்சல் கடுமை. ஆஸ்பத்திரியில் கீறி மருந்து கட்டினார்கள். அது மாறும் வரை குழந்தைக்குப் பால்மா கொடுக்கும்படி எழுதித் தந்தார்கள். கொதித்து ஆறின தண்ணீரில் கரைக்க வேண்டும் என்றார்கள். மனைவி படுத்த படுக்கை. தண்ணீர் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார்.

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். கேத்திலில் கொதிக்க வைப்பது அவருக்குக் கொதிப்பே இல்லை. வெளி அடுப்பில் பெரிய சட்டியை வைத்து, பனைமட்டை வைத்து எரித்து, தண்ணீர் அரைவாசிக்குக் கீழே வற்றும் வரை காய்ச்சுவார். குடிநீர் மருந்து காய்ச்சுவது போலத்தான். சில நாட்களில் மூன்றில் ஒன்றாகிவிடும். பிறகு வடித்து ஆறவிட்டுப் போத்தலில் ஊற்றி வைப்பார்.

"காணும் அக்கா, கொதிச்சிட்டுது," என்று நான் ஒரு நாள் சொன்னேன்.

"நீ போய் உன்ரை வெங்காயத்தைப் பார். கொதிக்கக் கொதிக்கத்தான் கிருமி சாகும். உனக்குக் காய்ச்சின தண்ணியோ இது? குஞ்சுக்கெல்லே."

சட்டியின் அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாக ஒரு படை பிடிக்கும். அக்கா அதைக் கரண்டியால் சுரண்டி எங்களுக்குக் காட்டுவார்.

"இஞ்சை பார். உவ்வளவு ஊத்தையும் பிள்ளையின்ரை வயித்துக்கைதானே போயிருக்கும்."

மனைவி கட்டிலில் கிடந்தபடி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல காலம் மச்சாள்," என்றாள். நானும் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு அடியில் கிடந்தது. மேலே இருந்த தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. யாரென்றாலும் நம்புவார்கள்.

அது சுண்ணாம்பு. எங்கள் நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். சூட்டில் அது தண்ணீரை விட்டுப் பிரிந்து சட்டியில் ஒட்டும். ஒன்று பிரிந்து வந்ததைப் பார்த்து எல்லாம் பிரிந்து வந்துவிட்டது என்று நினைத்தோம்.

சில நாட்களில் குழந்தையின் உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம் வந்தது. முதலில் கண்டது மனைவி. பிறகு நகம். பிறகு பாதம். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. பால் குடிக்கும்போது இடையில் களைத்து நித்திரையாகிவிடும்.

"கிரந்தி," என்றார் அக்கா. "பாத்தாத் தெரியேல்லையே?"

குழந்தைகளின் உடம்பு கறுத்தால், நீலம் பாரித்தால் எங்கள் ஊரில் அதற்குக் கிரந்தி என்று பெயர். அதற்கு எண்ணெய் இருக்கிறது, வேர் இருக்கிறது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் போய் இரண்டையும் வாங்கி வந்தது நான்தான். எண்ணெயை அக்கா உச்சியில் வைத்தார். வேரை அதே கிணற்றுத் தண்ணீரில் போட்டு நன்றாக வற்றக் காய்ச்சிச் சங்கில் பருக்கினார். ஒரு நாளைக்கு மூன்று தரம். அதற்கு மேல் பால்.

குழந்தை இன்னும் நீலமாகியது.

அடுத்த நாள் காலை நான் தறைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். தண்ணீர் இறைக்கும் மிசின் சத்தத்தில் வீட்டில் பேசியது கேட்கவில்லை. மனைவி கிணற்றடி வரைக்கும் வந்து கையைக் காட்டினாள். மிசினை நிற்பாட்டிவிட்டுப் போனேன். குழந்தை அவளின் தோளில் கிடந்தது. வாய் நாவற்பழம் தின்றது போல இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

அக்கா பின்னால் வந்தார். "விசர் வேலை பாக்காதை. மருந்து பிடிக்கிற நேரம் நிறம் கூடித்தான் குறையும். பச்சைப் பிள்ளையைக் காத்திலை கொண்டு திரியப் போறியே?"

"இது கிரந்தி இல்லை மச்சாள். பிள்ளை மூச்சுக்குக் களைக்குது."

"நீ எத்தினை பிள்ளையைப் பாத்தனி?"

"ஒண்டைத்தான் பாத்தனான். அதைத்தான் தோளிலை வைச்சிருக்கிறன்."

நான் ஓட்டோவுக்குப் போன் அடித்தேன். உடுப்பு மாற்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று கண்டேன். முழங்கால் வரை செம்மண். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறொன்றும் தோன்றவில்லை. மனைவி உள்ளே போய்விட்டாள்.

குழந்தையின் மூக்கில் ஒட்சிசன் பிடித்தார்கள். நிறம் மாறவில்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். இருதயத்தில் பிழை இல்லை என்றார்கள். ஒரு பெண் டொக்டர் இரத்தம் எடுத்தார். எடுத்த குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்தார். நானும் பார்த்தேன். இரத்தம் சிவப்பாக இருக்கவில்லை. பால் விடாத கோப்பி போல இருந்தது.

"பிள்ளையின்ரை அப்பா ஆர்?"

"நான்."

"பிள்ளைக்குத் தாய்ப்பாலோ?"

"இப்ப பால்மா."

"என்ன தண்ணியிலை கரைக்கிறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணி. வடிவாக் காய்ச்சித்தான்."

"எவ்வளவு நேரம்?"

"அரைவாசிக்குக் கீழை வத்தும்வரைக்கும்."

அவர் என் காலைப் பார்த்தார். "தோட்டமோ? என்ன பயிர்?"

"வெங்காயம்."

"கிணறு தோட்டத்தோடையோ?"

"ஓம்."

"யூரியா போடுவீங்களோ?"

"எல்லாரும் போடுறவை. நானும் போடுவன்."

அவர் திரும்பி ஒரு மருந்தின் பெயரைச் சொல்ல, தாதி ஓடினார். ஊசியில் ஏற்றி வந்த மருந்தைப் பார்த்தேன். கடும் நீலம். உடுப்புக்கு நீலம் போட்ட தண்ணீர் போல. நீலமாகிப் போன பிள்ளைக்கு நீல மருந்தை ஏற்றுகிறார்களே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெதுவாக ஏற்றினார்கள். மனைவி குழந்தையின் ஒரு காலைப் பிடித்திருந்தாள். கனநேரம் போகவில்லை. முதலில் காது மடல் சிவந்தது. பிறகு உதடு. பிறகு குழந்தை வாயைத் திறந்து பெரிதாக அழுதது. மனைவி சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. வெளியே போய்க் குழாயடியில் காலைக் கழுவினேன்.

பின்னேரம் டொக்டர் கட்டிலடிக்கு வந்து விளங்கப்படுத்தினார். சும்மா கதைப்பது போலத்தான் சொன்னார்.

"நீங்கள் போடுற உரம் மண்ணிலை மாறி வேறொண்டா வரும். அது மழைக்கும் இறைப்புக்கும் கீழை இறங்கிக் கிணத்துத் தண்ணியிலை கரைஞ்சு நிக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, உருசி இல்லை. பெரியாக்கள் குடிச்சால் உடனை ஒண்டும் தெரியாது. சின்னப் பிள்ளையின்ரை வயித்துக்கை அது இன்னொரு மாதிரி மாறி இரத்தத்தைக் கெடுக்கும். இரத்தம் இருக்கும், ஆனால் மூச்சைக் காவிக்கொண்டு போகாது."

"காய்ச்சினால் போகாதோ?" என்று கேட்டேன்.

"காய்ச்சினால் கிருமி சாகும். இது கிருமி இல்லையே. ஆவியாப் போறது தண்ணி மட்டும். இது சட்டிக்கைதான் நிக்கும். நீங்கள் வத்த வத்தக் காய்ச்சித் தண்ணியைக் குறைச்சிருக்கிறியள், இது குறையேல்லை. ரெண்டு மடங்கு, மூண்டு மடங்காக்கிக் குடுத்திருக்கிறியள்."

மனைவி தலையைக் குனிந்தபடி இருந்தாள். பிறகு சொன்னாள். "பத்தாம் வகுப்பிலை படிச்சனான் டொக்டர். கரையிறது பௌதிக மாற்றம். கரைஞ்சது அழியாது, தண்ணியை வத்த வைச்சால் திருப்பி எடுக்கலாம். சோதினையிலையும் எழுதினனான். மச்சாள் சட்டியைக் காட்டேக்கை எனக்கு அது ஞாபகம் வரேல்லை."

"உங்களுக்கு அப்ப காய்ச்சலெல்லே."

"இரத்தம் மாறினது இரசாயன மாற்றமோ?"

"ஓம்."

"அது திரும்பாதெண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை."

"கனக்கத் திரும்பாது. இது திரும்பும். நேரத்துக்குக் கொண்டு வந்தால்."

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மனைவி குழந்தையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் கிணத்துத் தண்ணி இனிப் பிள்ளையின்ரை வாயிலை படக்கூடாது. மச்சாள் போத்தலைத் தொடக்கூடாது. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நான் இஞ்சையிருந்து நேரை நெல்லியடிக்குப் போறன்."

நான் ஏலும் என்றேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாது. ஆனாலும் ஏலும் என்றேன். பிள்ளை அந்த வீட்டில் வளருமா வளராதா என்பது அந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது.

சில நாட்களில் துண்டு வெட்டிப் பிள்ளையைக் கொண்டு போகச் சொன்னார்கள். வீட்டுக்குப் போகும் வழியில், சந்தியில் பவுசர் வண்டி வெளியிலிருந்து கொண்டு வந்து நிரப்பும் தாங்கியில் இரண்டு கான் தண்ணீர் பிடித்து ஓட்டோவில் ஏற்றினேன். வீட்டு வாசலில் அக்கா நின்றார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். கை நீட்டினார். மனைவி குழந்தையைக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டதைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனாள்.

வெளி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. நாங்கள் வருவோம் என்று அக்கா காலையிலேயே தண்ணீர் காய்ச்சி, வடித்து, மூடி வைத்திருந்தார். வழக்கத்திலும் பார்க்கக் கூட வற்ற வைத்திருந்தார்.

"மச்சாள், உதை ஊத்துங்கோ," என்றாள் மனைவி.

"என்னத்தை?"

"உந்தத் தண்ணியை. பிள்ளைக்கு வந்தது கிரந்தி இல்லை. தண்ணிதான்."

"கண்டறியாத கதை. இந்தத் தண்ணி குடிச்சுத்தானே உன்ரை மனுசன் வளந்தவன்? செத்தோ போனவன்?"

"அவர் பால் குடிச்ச காலத்திலை தோட்டத்துக்கு மாட்டெருதான் போட்டவை. இப்ப உரம்."

"உரம் போட்டது ஆர்? நானே? நான் தண்ணியைச் சுத்தம் செய்தனான். டொக்டர்மாருக்கென்ன, சொல்லுவினம்."

நான் இரண்டு பேருக்கும் இடையில் நின்றேன். எனக்குக் கதைத்துப் பழக்கம் இல்லை. அக்கா கோபத்தில் வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை நான் வெளி அடுப்பை மூட்டினேன். அக்காவின் சட்டியை வைத்துக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். குசினியில் இருந்து ஒரு பிடி உப்பை எடுத்து வந்து போட்டுக் கலக்கினேன். உப்புக் கரைந்தது. தண்ணீர் பழையபடி தெளிவாக நின்றது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"உதென்னடா செய்யிறாய்?"

"கொஞ்சம் வாயிலை விட்டுப் பாருங்கோ."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்புக் கரிக்குது. கொஞ்சம். அதுக்கென்ன?"

நான் எரித்தேன். அக்கா போகாமல் நின்றார். காய்ச்சுவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தரவும் செய்தார். மட்டையைத் தள்ளு, இழு, உப்பிடியே எரிக்கிறது என்றார். தண்ணீர் அரைவாசியாகி அதற்கும் கீழே இறங்கியது. அவர் பிள்ளைக்கு வைக்கும் அளவுக்கு வந்ததும் ஒரு கரண்டி எடுத்து ஆற்றிக் கொடுத்தேன்.

வாயில் விட்டார். உடனே பக்கத்தில் துப்பினார்.

"கடல்," என்றார்.

"நான் இடையிலை உப்புப் போடேல்லை. நீங்கள் பாத்துக்கொண்டுதான் நிண்டனீங்கள்."

"உப்புக் காய்ச்சினாப் போகாதெண்டு எனக்குத் தெரியாதே? நான் சமைக்கிற பொம்பிளையடா."

"உரமும் உப்புப் போலத்தான் அக்கா. உருசி மட்டும் இல்லை."

அக்கா சட்டியைப் பார்த்தார். நான் எரிப்பதை நிற்பாட்டவில்லை. தண்ணீர் முழுக்க வற்றிச் சட்டியில் வெள்ளையாகப் படிந்தது. அவர் கரண்டியை எடுத்துச் சுரண்டினார், வழக்கம் போல. சுரண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மற்றப் பிள்ளையள்?"

"எந்தப் பிள்ளையள்?"

"நான் பாத்த பிள்ளையள்."

"அதுகள் தாய்ப்பாலெல்லே குடிச்சதுகள். தண்ணி கனக்கப் போயிராது."

"வயிரவர் கோயிலடிப் பிள்ளை போத்தல்பால்," என்றார்.

எனக்கு ஞாபகம் வந்தது. கோயிலடியில் ஒரு வீட்டுக் குழந்தை. துடக்குக் கழிய முன்னமே செத்துப் போனது. கிரந்தி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அந்த வீட்டில் நின்று பார்த்தது அக்கா.

"அது தண்ணியாலைதான் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

"இல்லையெண்டு ஆருக்குத் தெரியும்?"

அக்கா கையில் இருந்ததைச் சாம்பலுக்குள் தட்டிவிட்டு, சட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டு போய்த் தேய்த்தார். கனநேரம் தேய்த்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அக்கா குழந்தையைத் தொடவில்லை. வேண்டாம் என்று ஒருவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. போத்தலைத் தொடக்கூடாது என்பதுதான் மனைவியின் சொல். அக்கா தானாகவே மிச்சத்தையும் விட்டார். குளிக்க வார்ப்பது மனைவி. எண்ணெய் பூசுவது மனைவி. அக்கா முற்றம் கூட்டுவார், கறி வைப்பார், குழந்தை கிடக்கும் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளைப்பேறு வீடுகளில் இருந்து ஆள் வந்தால் முழங்கால் நோ என்று சொல்லி அனுப்பினார். முழங்காலில் ஒன்றும் இல்லை.

மனைவி அதைக் கண்டாள். மார்பில் கீறிய புண் ஆறுவது சுணங்கியது. அது ஆறும் வரைக்கும் பால்மாதான். நான் ஒன்றைவிட்ட ஒரு நாள் சந்திக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன். யூரியா போடுவதை விடவில்லை. போடாவிட்டால் வெங்காயம் விளையாது. அளவைக் குறைத்தேன். பக்கத்துக் காணிக்காரர் குறைக்கவில்லை. கிணறு எல்லோருடையதும் கீழே ஒன்றுதான்.

ஒரு நாள் மனைவி புண்ணுக்கு மருந்து கட்ட யாழ்ப்பாணம் போனாள். போகும்போது இரண்டு போத்தல் பால் கரைத்து வைத்துவிட்டு, மத்தியானத்துக்கு முன் வந்துவிடுவேன் என்றாள். குழந்தையை என்னிடம்தான் விட்டாள். குழந்தை குடித்துவிட்டு நித்திரை. நான் தறைக்கு இறைக்கப் போனேன். கூப்பிடு தூரம்தானே என்று நினைத்தேன்.

மிசின் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறினேன். நிமிர்ந்தபோது அக்கா வரம்பில் வந்துகொண்டிருந்தார். கையில் குழந்தை. சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். குழந்தை முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தது. மிசின் சத்தத்தில் அழுகை எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருப்பது மட்டும் தெரிந்தது.

மிசினை நிற்பாட்டினேன்.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன். காது அடைச்சுப் போச்சே உனக்கு?"

"என்ன, பால் முடிஞ்சுதோ?"

"ரெண்டாவதைப் பூனை தட்டி ஊத்திப் போட்டுது. பசிக்குது பிள்ளைக்கு. நான் கரைக்கேல்லை. ஒண்டையும் தொடேல்லை. தூக்கினது மட்டும்தான். கத்தினபடியாத் தூக்கினனான்."

"சரி, வாங்கோ."

கையையும் காலையும் கழுவிக்கொண்டு குசினிக்குப் போனேன். கானில் இருந்த தண்ணீரைக் கேத்திலில் ஒருதரம் கொதிக்க வைத்தேன். அக்கா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. குழந்தை அழுதது. ஆற்றி, அளந்து, கரைத்துக்கொண்டிருக்கும்போது படலை திறந்த சத்தம் கேட்டது. மனைவி வந்தாள். அக்காவின் கையில் குழந்தையைக் கண்டு முற்றத்தில் நின்றுவிட்டாள்.

"நான் போத்தலைத் தொடேல்லை," என்றார் அக்கா மறுபடியும்.

மனைவி குசினிக்குள் வந்தாள். கானைப் பார்த்தாள், கேத்திலைப் பார்த்தாள். என் கையில் இருந்த போத்தலை வாங்கினாள். வாசலுக்குப் போய் அதை அக்காவிடம் நீட்டினாள்.

"நீங்களே பருக்குங்கோ மச்சாள். நான் பஸ்ஸிலை நிண்டு வந்த உடம்பு. உடுப்பு மாத்திப்போட்டு வாறன்."

அக்கா போத்தலை வாங்கவில்லை. மனைவி நீட்டிய கையை எடுக்கவில்லை. குழந்தை அழுதுகொண்டே போத்தல் பக்கம் தலையைத் திருப்பியது. அதற்குப் பிறகு அக்கா வாங்கினார். வாசற்படியில் குந்தியிருந்து குழந்தையை மடியில் சரித்தார். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

குழந்தை முழுவதும் குடித்தது. அது முடியும் வரை அக்கா நிமிரவில்லை. நானும் அங்கே நின்றேன், ஏன் நின்றேன் என்று தெரியாது. பிறகு போய் மிசினைப் போட்டேன். அரைவாசித் தறை இறைக்காமல் கிடந்தது.